ஆப்பா, சீட்டா, ஆளா? வெளிநாட்டு பைக் பயணத்தில் மொழிக்கு எதை நம்புவது

ஞாயிற்றுக்கிழமை காலை ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்விட்டு, திரும்பும் வழியில் கோவளத்தில் டீக்கு நிற்கும்போது பேச்சு எப்படியும் வெளிநாட்டுப் பயணத்துக்கு வந்துவிடும். எந்த வண்டி, எவ்வளவு செலவு, விசா எத்தனை நாளில் வரும் என்றெல்லாம் பேசி முடித்தபின் யாராவது ஒருவர் தயங்கிக் கேட்பார்: "பாஷை தெரியாம எப்படிண்ணா சமாளிக்கிறது?" இந்த ஒரு கேள்விக்காகவே பயணத்தை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பதில் சொல்கிறவர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். போனில் எல்லாம் இருக்கிறது என்பார் ஒருவர். நூறு சொல்லாவது கற்றுக்கொண்டு போ என்பார் இன்னொருவர். காசு போனால் போகிறது, வழிகாட்டியோடு போ என்பார் மூன்றாமவர். நான்காவது வழியும் ஒன்று உண்டு: நம் மொழி நடமாடும் நாடாகப் பார்த்துப் போவது. நான்கையும் வெவ்வேறு பயணங்களில் செய்து பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எதை வைத்து அளப்பது?

விமான நிலையத்திலும் ஹோட்டல் வரவேற்பிலும் மொழி பெரிதாக இடிக்காது. அங்கே இருப்பவர்களுக்கு நம்மைப் போன்றவர்கள் தினமும் வருகிறவர்கள். பைக்கில் போகிறவருக்கு மொழி இடிக்கும் இடங்கள் வேறு: பஞ்சர் கடை, பெட்ரோல் பங்க், போலீஸ் கைகாட்டி நிறுத்தும் இடம், மழைக்கு ஒதுங்கிய யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை. யாருக்கும் வர வேண்டாம், ஆனாலும் ஆஸ்பத்திரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால் ஒவ்வொரு வழியையும் இப்படிக் கேட்டுப் பார்க்கிறேன். கை முழுக்க கிரீஸ், மேலே மழை, சிக்னல் இல்லை என்றால் அது உதவுமா? மெக்கானிக்குக் கோளாறு இன்னது என்று புரியவைக்குமா? நாம் விழுந்து, பேச முடியாமல் கிடந்தால் நமக்காக எது பேசும்? காகிதம் கேட்டால் கைகொடுக்குமா? பணமும் தயாரிப்பு நேரமும் எவ்வளவு? கடைசியாக, நான் அதிகம் மதிப்பது, அது நம்மை அந்த ஊர் மனிதர்களிடம் கொண்டு சேர்க்கிறதா, பிரித்து வைக்கிறதா?

காகிதம் பற்றி ஒரு வார்த்தை. ஆர்டிஓ அலுவலகத்தில் ரூ.1000 கட்டி வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, நம் உரிமத்தைப் பல மொழிகளில் பெயர்த்துச் சொல்லும் ஒரு சிறு புத்தகம்தான். மொழிச் சிக்கலுக்காகவே பிறந்த காகிதம் அது. ஒரு வருடம் செல்லும். மோட்டார் சைக்கிள் பிரிவுக்கும் முத்திரை விழுந்திருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன்பே பார்த்துவிடுங்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் இது வேண்டும்.

வழி ஒன்று: நம் மொழி நடமாடும் நாடு

சென்னையிலிருந்து கிளம்புகிறவருக்கு முதலில் வாய்ப்பது இலங்கை. யாழ்ப்பாணத்தில் இறங்கி வாடகை வண்டி எடுத்தால் தமிழிலேயே எல்லாம் நடக்கும். ஆனால் அது நம் தமிழ் இல்லை. பேசுவது அங்கே 'கதைப்பது', புறப்படுவது 'வெளிக்கிடுவது', சக்கரம் 'சில்லு'. ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் நாம் 'ட' போடும் இடத்தில் அவர்கள் 'ர' போடுவது வழக்கம். 'ரயர்' என்று பலகை இருந்தால் அதுதான் டயர் கடை. பெட்ரோல் 'பெற்றோல்' ஆகிவிடும். ஒரு நாளில் காது பழகிவிடும், அந்த ஒரு நாள் இனிமையாகவும் இருக்கும்.

வவுனியா தாண்டித் தெற்கே போனால் சிங்களம். பிறகு ஹட்டன், நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டங்களில் மறுபடி தமிழ். காலி, மாத்தறைக் கடற்கரையில் திரும்பவும் சிங்களம். அங்கே தெரிந்த சொல்லே காலை வாரும். 'தாத்தா' என்றால் சிங்களத்தில் அப்பா. 'அய்யா' என்றால் அண்ணன். 'மல்லி' தம்பி. 'அக்கா' மட்டும் அக்காவேதான். நம் 'சரி'க்கு அவர்கள் 'ஹரி' என்பது ஆறுதலாக இருக்கும்.

மலேசியாவும் இதே கணக்கில் வரும். பினாங்கு, பேராக், சிலாங்கூர் என்று மேற்குக் கரையோரம் தமிழர்கள் நிறைய. மலாய் மொழியில் கடைக்குக் 'கெடாய்' என்றுதான் பெயர், நம் 'கடை' போய்ச் சேர்ந்த இடம் அது. பைக் பழுது பார்க்கும் கடை 'கெடாய் மோட்டோர்'. பஞ்சரான டயர் 'தாயார் பஞ்சிட்'. கிழக்குக் கரையில் கிளந்தான், திரங்கானு பக்கம் போனால் தமிழ் அரிது. அப்போது இந்தச் சொற்கள்தான் கைகொடுக்கும்.

நேபாளத்தையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். விசா வேண்டாம், நம் உரிமம் போதும், எல்லையில் 'பன்சார்' என்ற சுங்கச் சீட்டை நாள் கணக்கில் பணம் கட்டி வாங்கிச் சொந்த வண்டியையே கொண்டு போகலாம். "இந்தி இருந்தா போதும்" என்பது வடக்கத்தி நண்பர்கள் சொல்லும் கணக்கு. நம்மில் பலருக்கு இந்தியே இன்னொரு வெளிநாட்டு மொழி. சென்னையிலிருந்து நாக்பூர் வழியாக உத்தரப் பிரதேச எல்லைக்குப் போகும்போதே மொழித் தடை தொடங்கிவிடும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் ரூபாய், நம் சட்டம், நம் போன் இணைப்பு எல்லாம் இருக்கும்போதே பாஷை தெரியாத ஊரில் பஞ்சர் ஒட்டிப் பழகுவது நல்ல ஒத்திகை.

மறைந்திருக்கும் செலவு என்ன? அசட்டை. மொழி தெரியும் என்ற தைரியத்தில் எதையும் தயார் செய்யாமல் போய், தெரியாத பகுதியில் மாட்டுவோம். இன்னொன்று, இலங்கையில் சர்வதேச அனுமதி கையில் இருந்தாலும் உள்ளூர் அங்கீகாரமும் வாங்க வேண்டும். மொழி ஒன்றாக இருப்பதால் சட்டமும் ஒன்றாகிவிடாது.

வழி இரண்டு: கைப்பேசிச் செயலி

விலை கேட்க, அறை பிடிக்க, உணவுப் பட்டியல் படிக்க, நாளைக்குச் சாலை திறந்திருக்குமா என்று விசாரிக்க இதை மிஞ்சியது இல்லை. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011லேயே வந்துவிட்டது. தமிழ், தாய் (தாய்லாந்து மொழி), வியட்நாமியக் கோப்புகளை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் எழுத்து மொழிபெயர்ப்பு வேலை செய்யும். இறக்கி வைக்காமல் போய் மலையடிவாரத்தில் தவித்தவர்கள் ஏராளம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் செயலிகள் பெரும்பாலும் தமிழிலிருந்து நேராக இன்னொரு ஆசிய மொழிக்குப் போவதில்லை, ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப் போகின்றன. தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. வியட்நாமியத்திலும் இந்த வேறுபாடு அப்படியே உண்டு: 'சுங் தா' என்றால் நாம், 'சுங் தோய்' என்றால் நாங்கள். இரண்டு மொழிக்கும் இயல்பாக இருக்கும் ஒன்று, ஆங்கிலத்தில் நுழைந்து வெளியே வரும்போது உதிர்ந்து போகிறது. நாம் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவதும் அதற்குக் குழப்பம். "விழுந்துடுச்சு" என்றால் எது விழுந்தது என்று அதுவே ஊகித்துக்கொள்ளும்.

வடக்கு வியட்நாமின் ஹா சாங் மலைப்பாதையில் என் வண்டியின் செயின் தளர்ந்துவிட்டது. "செயின் லூசா இருக்கு" என்று பேசிக் காட்டினேன். மெக்கானிக் என் கழுத்தைப் பார்த்தார். தமிழில் கழுத்துக்கும் செயின், வண்டிக்கும் செயின். செயலி நகையைத் தேர்ந்துவிட்டது. குனிந்து விரலால் தொட்டுக் காட்டியபின் ஐந்து நிமிடத்தில் இறுக்கிக் கொடுத்தார். அதே நாட்டில் தெற்கே போனால் பைக் செயினைச் 'சென்' என்றே சொல்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். வடக்கே வேறு சொல்.

அதனால் செயலிக்கு ஏற்றபடி நாம் பேச வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. எழுவாயைச் சொல்லுங்கள். 'பைக்கின் செயின்' என்று முழுதாகச் சொல்லுங்கள். வந்த பதிலைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்த்துவிட்டுக் காட்டுங்கள்.

செலவு என்று பார்த்தால் செயலி இலவசம்தான், அதைச் சுமக்கும் போன் இலவசம் இல்லை. உள்ளூர் சிம், பவர் பேங்க், தண்ணீர் புகாத உறை எல்லாம் வேண்டும். மழையில் நனைந்த தொடுதிரை சொன்ன பேச்சு கேட்காது, கையுறையோடும் அப்படித்தான். அத்தோடு, சக்திவாய்ந்த பைக் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவின் செயல்திறனைக் குறைக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021ல் எச்சரித்தது. பலகைகளைப் படிக்க நம்பியிருக்கும் கேமராவே ஹேண்டில்பாரில் மாட்டிய போனில் கெட்டுப்போகலாம். அதிர்வு தாங்கும் பிடி வாங்குங்கள், அல்லது பழைய போன் ஒன்றை வழிகாட்ட மாட்டிவிட்டு நல்ல போனைச் சட்டைப் பையில் வையுங்கள்.

வழி மூன்று: நூறு சொல்லும் ஒரு சீட்டும்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. தமிழர்களுக்கு இதில் ஒரு பிறவி வசதி இருக்கிறது, அதை நாம் உணர்வதே இல்லை.

நாம் தெரியாதவரையும் அண்ணா, அக்கா, தம்பி என்று கூப்பிடுகிறவர்கள். புதுப்பேட்டையில் ஸ்பேர் கேட்கப் போனாலும் "அண்ணே" என்றுதான் வாய் திறக்கிறோம். நம் பக்கத்து நாடுகள் பலவற்றில் இதே வழக்கம்தான். வியட்நாமியர்கள் தம்மைவிடச் சற்று மூத்த ஆணை 'ஆன்' என்றும் பெண்ணைச் 'சி' என்றும் அழைக்கிறார்கள். இளையவருக்கு 'எம்'. 'நான்', 'நீ' என்பதற்கே பெரும்பாலும் இந்த உறவுச் சொற்கள்தான். தாய்லாந்தில் மூத்தவர் 'பீ', இளையவர் 'நோங்'. மலாயில் அண்ணன் 'அபாங்', அக்கா 'காக்கா'. நேபாளத்தில் அக்காவுக்குத் 'தீதி'. ஆங்கிலத்தில் வழி கேட்கிறவர் வாடிக்கையாளராக நிற்கிறார். 'ஆன்' என்று கூப்பிட்டவர் வேறு மாதிரி நிற்கிறார். உறவுச் சொல்லைச் சொன்ன பிறகு முகம் எப்படி மாறுகிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். அதனால் முதலில் கற்க வேண்டியது உறவுச் சொல், அப்புறம்தான் 'நன்றி'.

அடுத்து எண்கள், இடம், வலம், நேரே, தண்ணீர், பெட்ரோல், காற்று, 'உடைந்துவிட்டது', 'வலிக்கிறது'. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் வியட்நாமில் 'சாய்', தாய்லாந்தில் 'ஜே' என்ற சொல்லையும் எழுத்தையும் நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். தினம் கால் மணி நேரம் ஒதுக்கினால் ஆறு வாரத்தில் நூறு சொல் வரும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தச் சொற்களைத் தமிழில் எழுதி வைத்து மனப்பாடம் செய்யாதீர்கள். நமக்கு ஒரே 'ப'. தாய்லாந்து மொழிக்கு அந்த இடத்தில் மூன்று ஒலிகள். மேலே நான் எழுதியிருப்பதும் அடையாளத்துக்குத்தான், காதால் கேட்டுத்தான் பழக வேண்டும். தாய்லாந்து மொழியில் ஐந்து தொனிகள், வட வியட்நாமியத்தில் ஆறு. தாய்லாந்து மொழியில் 'கிளை' என்பது போன்ற ஒரு சொல்லைச் சமமான தொனியில் சொன்னால் 'தூரம்', இறங்கும் தொனியில் சொன்னால் 'பக்கம்'. மாலை ஆறு மணிக்குப் பெட்ரோல் முள் அடியில் நிற்கும்போது இந்த இரண்டும் குழம்பினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதனால் பக்கமா, தூரமா என்று கேட்கவே கூடாது. எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு விரலில் எண்ணிக் காட்டச் சொல்ல வேண்டும்.

பலகைகளையும் பார்த்துப் பழகுங்கள். வியட்நாமில் 'வண்டி பழுது பார்க்கப்படும்', 'வண்டி கழுவப்படும்' என்ற இரண்டு பலகைகளுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான் வேறுபாடு. என்னோடு வந்த நண்பர் பிரேக் சத்தத்தைப் பார்க்கச் சொல்லி வண்டியைக் கொடுத்தார். பளபளவென்று கழுவித் தந்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. இறக்கத்தில் அது ஆபத்து.

சைகைக்கும் அகராதி உண்டு. நாம் 'சரி' என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதைப் பல நாடுகளில் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்வார்கள். தலையை மேலும் கீழும் அசைத்துப் பழகுங்கள். வியட்நாமில் கையை விரித்து மணிக்கட்டைத் திருப்பினால் 'இல்லை'. கைவிரித்தல் என்று நாம் சொல்வதை அவர்கள் நிஜமாகவே செய்கிறார்கள்.

இனி சீட்டு. ஓர் அட்டையின் ஒரு பக்கம் மருத்துவம்: பெயர், ரத்த வகை, ஒவ்வாத மருந்து, தினம் சாப்பிடும் மாத்திரை, வீட்டுத் தொலைபேசி எண், காப்பீட்டு எண். உள்ளூர் அவசர எண்ணும் அதில் இருக்கட்டும்: தாய்லாந்தில் மருத்துவத்துக்கு 1669, சுற்றுலாப் போலீசுக்கு 1155, வியட்நாமில் ஆம்புலன்ஸ் 115, இலங்கையில் 1990, மலேசியாவில் 999. மறுபக்கம் வண்டி: டயர், ட்யூப், செயின், கிளட்ச் கேபிள், பிரேக் பேட் என்று படங்கள், பக்கத்தில் அந்த நாட்டுச் சொல். லேமினேட் செய்து ஜாக்கெட்டின் உள்பையில் ஒன்று, டேங்க் பையில் ஒன்று. மருத்துவப் பக்கத்தை மட்டும் செயலியை நம்பி எழுதாதீர்கள். அந்த மொழி தெரிந்த மனிதர் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள், தங்கப்போகும் விடுதிக்கு முன்கூட்டி மின்னஞ்சல் அனுப்பினாலே பலர் செய்து தருகிறார்கள். நினைவிழந்து கிடக்கும்போது பேசப்போவது இந்த அட்டைதான். போனோ பூட்டிக் கிடக்கும், சில சமயம் உடைந்தும் கிடக்கும்.

இதன் மறைவான செலவு இன்னொன்று: நாம் ஒரு கேள்வியை நன்றாகக் கேட்டுவிட்டால், நமக்கு மொழி தெரியும் என்று நினைத்து அவர்கள் மடமடவென்று பதில் சொல்வார்கள். ஒன்றும் புரியாது. கேட்கத் தெரிந்தால் போதாது, எண்களையும் திசைகளையும் காதில் வாங்கவும் பழக வேண்டும்.

வழி நான்கு: வழிகாட்டி

இரண்டு வகை. குழுவாகப் போய், முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் மெக்கானிக் வண்டி என்பது ஒன்று. உள்ளூர்க்காரர் ஓட்ட, நாம் பின்னால் உட்கார்ந்து போவது மற்றொன்று. ஹா சாங்கில் 'ஈசி ரைடர்' என்று கேட்டாலே புரியும்.

வியட்நாமைப் பொறுத்தவரை மொழியைத் தாண்டியும் இதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியா தரும் சர்வதேச அனுமதி 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படியானதை. வாடகைக் கடையில் யாரும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். விபத்து நடந்தால், செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்று காப்பீடு கைவிட வாய்ப்பு உண்டு. நான் முதல் தடவை இது தெரியாமல் ஓட்டினேன், அதைச் செய்யாதீர்கள். அங்கே உள்ளூர்க்காரர் பின்னால் உட்கார்ந்து போவதே எனக்கு நேர்மையான வழியாகப் படுகிறது. ஓட்டத்தான் வேண்டும் என்றால் தாய்லாந்துக்குப் போங்கள். நம் அனுமதி அங்கே செல்லும், போக்குவரத்தும் நம்மைப் போல இடதுபக்கம்.

பூட்டானில் மொழிக்காக வழிகாட்டி தேவைப்படுவது குறைவு, பள்ளிப் படிப்பே ஆங்கிலத்தில் நடக்கும் நாடு. சொல்லின் கடைசியில் 'லா' சேர்த்தால் மரியாதை, நம் 'ங்க' மாதிரி. அங்கே பணத்தை ஒதுக்க வேண்டியது இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு ரூ.1200 என்ற வளர்ச்சிக் கட்டணத்துக்கு.

வழிகாட்டியின் விலை நாள்கூலியோடு முடியாது. சில ஏற்பாடுகளில் அவர் சாப்பாடு, அறை, பெட்ரோல் உங்கள் தலையில் விழும். முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஊர்க்காரர்கள் அவரோடு பேசுவார்கள், நம்மோடு பேச மாட்டார்கள். அரை மணி நேரம் சிரித்துப் பேசிவிட்டு, "ரோடு நல்லா இருக்காம்" என்று ஒரு வரியில் நமக்குச் சொல்வார்.

ஒரே பார்வையில்

| | தெரிந்த மொழி நாடு | செயலி | சொல்லும் சீட்டும் | வழிகாட்டி |
|---|---|---|---|---|
| மழை, கிரீஸ் கை, சிக்னல் இல்லை | கவலை இல்லை | கைவிடும் | உதவும் | கவலை இல்லை |
| மெக்கானிக்கிடம் | நன்று, சொல் மட்டும் மாறும் | தவறு நேரலாம் | படம் இருந்தால் நன்று | மிக நன்று |
| போலீஸ், காகிதம் | நன்று | மெதுவாக நடக்கும் | போதாது | மிக நன்று |
| பேச முடியாத விபத்து | ஊரைப் பொறுத்தது | பயன் குறைவு | சீட்டு பேசும் | மிக நன்று |
| பணம் | குறைவு | குறைவு | மிகக் குறைவு | அதிகம் |
| தயாரிப்பு | கொஞ்சம் | ஒரு நாள் | ஆறு வாரம் | இல்லை |
| மனிதர் நெருக்கம் | அதிகம் | நடுத்தரம் | அதிகம் | குறைவு |

யாருக்கு எது

வாழ்வில் முதல் வெளிநாட்டு ஓட்டம் என்றால், அதுவும் மனைவியோ வயதான அப்பாவோ பின்னால் உட்கார்ந்து வருகிறார் என்றால், இலங்கையோ மலேசியாவோ. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. நாலு நாள் விடுப்பில் ஓடிப்போய் ஓடி வருகிறவர் சொல் கற்க நேரம் செலவிட வேண்டாம், செயலியும் மருத்துவச் சீட்டும் போதும். மலைப்பாதை புதிது, உடம்பில் சர்க்கரையோ இதயப் பிரச்சினையோ இருக்கிறது என்பவர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தைக் கணக்குப் பார்க்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தனியாகச் சுற்றப் போகிறவருக்கு மூன்றாவது வழிதான். செயலியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நான் இப்போது வடக்குத் தாய்லாந்தின் மே ஹாங் சோன் சுற்றுக்குத் தயாராகிறேன். சியாங் மாயில் தொடங்கி அங்கேயே முடியும் 600 கிலோமீட்டர், 1,864 வளைவுகள் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் பாதை. அலுவலகம் போகும் வழியில் ஹெல்மெட்டுக்குள் தாய் எண்களைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றிலிருந்து பத்து வரை தடுமாறாமல் வந்துவிட்டது. தூரத்தையும் பக்கத்தையும்தான் இன்னும் காது சரியாகப் பிரிக்கவில்லை. கிளம்ப இன்னும் நான்கு வாரம் இருக்கிறது.